மேட்டூர் அணையின் ஓராண்டைக் கோட்டு வரைபடமாக வரைந்த அனுபவம்

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய நான்கு எண்களும் நாள்தோறும் நாளிதழில் வந்துவிடுகின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் அவற்றைப் பார்க்காமல் பத்திரிகையை மடித்து வைப்பவர்கள் குறைவு. ஆனால் இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவதோடு பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே தேதியில் அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டால், டீக்கடையில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அந்த எண்களை எங்கள் ஊர் வாசகசாலைச் சுவரில் ஒரே கோட்டு வரைபடமாக, ஆண்டு முழுவதற்கும் தொடர்ந்து வரைந்து வைப்பது என்று எடுத்துக்கொண்ட வேலையின் பதிவு இது. சுவரில் இருப்பது கையால் வரைந்தது. அதன் கணினி வடிவம் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் செயலியில் செய்தது. இரண்டிலும் நான் எடுத்த முடிவுகளையும், அவற்றுக்கான காரணங்களையும் எழுதுகிறேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது, நான்கு எண்களில் எதை வரைவது என்பது. ஊரில் எல்லோர் வாயிலும் இருப்பது அடிக்கணக்குதான். 120 அடி என்றால் அணை நிரம்பிவிட்டது, 90 அடிக்கு மேல் இருந்தால் ஜூன் 12இல் திறப்பார்கள், 40 அடி என்றால் கவலை என்று எல்லோருக்கும் ஒரு மனக்கணக்கு உண்டு. எனவே நீர்மட்டத்தை ஒரு தாளிலும் நீர் இருப்பை இன்னொரு தாளிலும், 2024ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களுக்கு மட்டும் மாதிரியாக வரைந்து, இரண்டையும் அருகருகே ஒட்டி, வருகிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தேன். அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜூலை மத்தியில் 50 அடிக்கும் கீழே கிடந்த நீர்மட்டம், கர்நாடக அணைகள் நிரம்பி உபரி நீர் வந்ததால் மளமளவென்று ஏறி, ஜூலை 30இல் 120 அடியைத் தொட்டது. இவ்வளவு செங்குத்தான ஏற்றம் எல்லா ஆண்டுகளிலும் கிடைப்பதில்லை.

நீர்மட்டத் தாளைப் பார்த்த ஒரு பெரியவர், 100 அடியைத் தாண்டிய இடத்தில் கோடு சற்றே சாய்வதை விரலால் தடவிக் காட்டி, “இங்கன வரத்து கொறஞ்சு போச்சா தம்பி, கோடு படுக்குதே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கோட்டு வரைபடத்தைப் படிக்கும் எவரும் புள்ளிகளின் உயரத்தை மட்டுமன்றி, கோடு எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள்; செங்குத்தாக ஏறினால் வேகம், படுத்தால் மந்தம் என்பது சொல்லிக்கொடுக்காமலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அடிக்கணக்கில் வரைந்த கோட்டின் சாய்வு, தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதைக் காட்டுவதில்லை. “வரத்து கொறையலைங்க ஐயா, மேலே போகப் போக அணை அகலமாயிடுது” என்று சொல்லிப் பக்கத்துத் தாளைக் காட்டினேன். அங்கே அதே நாட்களில் கோடு அவ்வளவாகப் படுக்கவில்லை.

அணையின் வயிறு மேலே போகப் போக விரிவதுதான் இதற்குக் காரணம். 120 அடியில் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 100 அடியில் இருப்பது ஏறத்தாழ 65 டி.எம்.சி., 60 அடியில் ஏறத்தாழ 25, 40 அடியில் ஏறத்தாழ 12. அதாவது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போது தண்ணீரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கிறது. 40 அடியை ஒட்டிய நிலையில் ஓரடி உயர அரை டி.எம்.சி.யைச் சற்றே தாண்டிய நீர் போதும். உச்சியில் ஓரடி உயர ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல் வேண்டும். உள்ளே வரும் நீர் வெளியேறுவதைவிட வினாடிக்கு 50,000 கன அடி கூடுதலாக ஒரு நாள் முழுவதும் இருந்தால் 4.32 டி.எம்.சி. சேரும். அந்த நீர் 40 அடியில் இருக்கும் அணையை ஏறத்தாழ 8 அடி உயர்த்தும். 115 அடியில் இருக்கும் அணையை 3 அடி உயர்த்துவதே பாடு. வரத்து துளியும் மாறாமல் இருந்தாலும் நீர்மட்டக் கோடு மேலே போகப் போக வளைந்து படுத்துக்கொண்டே போகும்.

எனவே சுவருக்கு நீர் இருப்பு என்று முடிவாயிற்று. காலத்தைக் கிடை அச்சில் வைத்து எதை வரைந்தாலும், ‘இந்தக் கோட்டின் சாய்வுக்கு என்ன பொருள்’ என்ற கேள்விக்கு முதலில் விடை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. டி.எம்.சி.யில் வரைந்த கோட்டின் சாய்வு ஒரு நாளைக்கு எத்தனை டி.எம்.சி. கூடியது அல்லது குறைந்தது என்பது. அதாவது வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்த மிச்சம். அடிக்கணக்கில் வரைந்த கோட்டின் சாய்வுக்கு, அணையின் வடிவம் தெரியாதவரால் பொருள் சொல்ல முடியாது.

அதற்காக ஊர் பேசும் அடிக்கணக்கைத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஒரே வரைபடத்தில் இடப்பக்கம் டி.எம்.சி., வலப்பக்கம் அடி என்று இரண்டு அச்சுகள் போட்டு இரண்டு கோடுகளை ஓடவிடும் வழக்கம் பல அறிக்கைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு அளவுத்திட்டங்களும் வரைபவரின் விருப்பத்துக்கு உட்பட்டவை என்பதால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் வரைபவர் வைத்த இடமே தவிர, அணையில் நடந்த எதுவும் அல்ல. நான் செய்தது வேறு. கோடு ஒன்றுதான். இடப்பக்க அச்சில் 0, 10, 20 என்று சம இடைவெளியில் டி.எம்.சி.; வலப்பக்க ஓரத்தில் 12 டி.எம்.சி.க்கு நேரே 40 அடி, 25க்கு நேரே 60 அடி, 65க்கு நேரே 100 அடி, 93.47க்கு நேரே 120 அடி என்று சமமற்ற இடைவெளிகளில் சிறு குறிகள். அடியில் நெருங்கியும் மேலே அகன்றும் இருக்கும் அந்தக் குறிகளே அணையின் வயிறு எப்படி விரிகிறது என்பதைக் காட்டிவிடுகின்றன. அடிக்கணக்கு வேண்டியவர் வலப்பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அளவுத்திட்டம். பள்ளிக்கூடத்தில் வரைபடத் தாளின் மூலையில் ‘அளவுத்திட்டம்’ என்று எழுதி இரண்டு வரி போடுவோம். தாளில் அடங்கினால் சரி என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் கோட்டின் சாய்வைத்தான் வாசகர் படிக்கிறார் என்றால், அந்தச் சாய்வை நிர்ணயிப்பது இந்த இரண்டு வரிகள்தான். ஒரே தரவை உயரமாக இழுத்து வரைந்தால் அணை தலைகீழாக வற்றுவதுபோலத் தோன்றும்; அகலமாக இழுத்து வரைந்தால் ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும். 1980களில் வில்லியம் கிளீவ்லண்ட் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதை ஆராய்ந்து, கோட்டின் துண்டுகள் சராசரியாக 45 பாகைக்கு அருகில் சாய்ந்திருக்கும்படி அளவுத்திட்டத்தை அமைத்தால் சாய்வுகளுக்கிடையிலான வேறுபாட்டைக் கண் நன்றாகப் பிரித்தறியும் என்று எழுதினார்.

நான் தேர்ந்தெடுத்தது இது: ஒரு நாளுக்கு 2 மி.மீ., ஒரு டி.எம்.சி.க்கும் 2 மி.மீ. இரண்டும் சமமாக இருப்பதால், ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. கூடினாலும் குறைந்தாலும் கோடு சரியாக 45 பாகையில் ஓடும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். வகுத்தால் 11,574 வரும். ஆக, 45 பாகை என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 11,600 கன அடி. வரத்து அதிகம் இல்லாமல், டெல்டாவுக்கு வினாடிக்குப் பன்னிரண்டாயிரம் கன அடியை ஒட்டித் திறந்துவிடும் காலத்தில் கோடு ஏறத்தாழ 45 பாகையில் இறங்கும். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் இதன் பிறகு சாய்வை அளக்கத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்கள் போதும். 45 பாகை மூலைமட்டத்தைத் தாளில் வைத்துக் கோட்டோடு ஒட்டிப் பார்த்தால் 11,600 கன அடி. மற்ற மூலைமட்டத்தின் 30 பாகை முனை ஏறத்தாழ 6,700 கன அடி. அதன் 60 பாகை முனை ஏறத்தாழ 20,000 கன அடி. அவற்றை நூலில் கட்டி வரைபடத்தின் அருகிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

வெள்ள நாட்களில் இந்த அளவுத்திட்டம் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நிகர வரத்து ஒரு லட்சம் கன அடி என்றால் நாளொன்றுக்கு 8.64 டி.எம்.சி.; கோடு 83 பாகையில் நிற்கும். 2024 ஜூலையின் பின்பாதியில் இரண்டு வாரங்களை ஒட்டிய காலத்தில் ஏறத்தாழ 75 டி.எம்.சி. சேர்ந்திருக்கிறது. சராசரியாக நாளொன்றுக்கு 5 டி.எம்.சி., அதாவது 58,000 கன அடி. வரைபடத்தில் அது கிட்டத்தட்டச் சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறது. 80 பாகைக்கும் 83 பாகைக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் அறிய முடியாது. ஆனால் ஊருக்குத் தேவைப்படுவது பாசனக் காலத்தில் தண்ணீர் எந்த வேகத்தில் இறங்குகிறது, எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு. அதற்கு ஏற்ற அளவுத்திட்டத்தை வைத்துக்கொண்டு, வெள்ளத்தைச் செங்குத்தாக விட்டுவிட்டேன்.

ஓராண்டுக்கு 365 நாள் என்றால் 73 செ.மீ. அகலம், 93.47 டி.எம்.சி.க்கு 18.7 செ.மீ. உயரம். கடையில் கிடைக்கும் சார்ட் அட்டையின் நீளம் 28 அங்குலம், அதாவது 71 செ.மீ.தான். ஆகவே இரண்டு அட்டைகளை ஒட்டி, அதன் மேல் மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாள்களைப் பசையால் ஒட்டிக்கொண்டேன். தாள்களை ஒட்டும்போது ஓரத்து வெள்ளைப் பகுதியை வெட்டிவிட்டு, தடித்த சென்டிமீட்டர் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று அமரும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பில் அரை நாள் காணாமல் போகும். பசை ஈரம் பட்டால் தாள் விரியும் என்பதால், கஞ்சிப் பசையைத் தவிர்த்துப் பசைக்குச்சியைப் பயன்படுத்துவது நல்லது.

ஆண்டை எங்கே தொடங்குவது என்பதிலும் ஒரு தேர்வு உண்டு. ஜனவரி 1இல் தொடங்கினால் பாசனக் காலம் இரண்டாக உடைந்துவிடும். ஏனென்றால் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது அணையின் மரபு. எனவே ஜூன் 1 முதல் மே 31 வரை என்று வைத்துக்கொண்டேன். குறுவை, சம்பா, தாளடி மூன்றும் ஒரே ஓட்டத்தில் அடங்கிவிடுகின்றன. எந்த இடத்தில் வெட்டினாலும் ஏதாவது ஒன்று ஓரத்தில் மாட்டத்தான் செய்யும்: 2022இல் மே 24ஆம் தேதியே அணையைத் திறந்தார்கள், அந்தத் திறப்பு 2021-22ஆம் ஆண்டுக் கோட்டை வரைந்தால் அதன் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கிடை அச்சில் மாதங்களைச் சம அகலத்தில் பிரிக்கக் கூடாது. ஜூனுக்கு 60 மி.மீ., ஜூலைக்கு 62, பிப்ரவரிக்கு 56 என்று நாட்களின்படியே குறிக்க வேண்டும். ஜூன் 12, ஜனவரி 28 ஆகிய இரு தேதிகளிலும் மேலிருந்து கீழாக மெல்லிய செங்குத்துக் கோடு போட்டேன். மூன்றாவதாக ஆடிப்பெருக்குக்கும் ஒன்று போட்டேன். ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதை வைத்தே பல ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு; அவர்களுக்கு வேறு எந்த அச்சுக் குறியைவிடவும் இதுதான் பிடிமானம்.

இனி தரவு. நடப்பு ஆண்டுக்கு நாளிதழில் வரும் எண்களே போதும். அவற்றைக் குறித்துக்கொள்ளும்போது எத்தனை மணி நிலவரம் என்பதையும் பார்க்க வேண்டும். காலை 8 மணி நிலவரமும் மாலை 4 மணி நிலவரமும் செய்திகளில் கலந்து வரும். நிரம்பும் நாட்களில் எட்டு மணி நேரத்தில் இரண்டு டி.எம்.சி. கூடிவிடலாம், ஒரு நாள் காலைக் கணக்கும் மறுநாள் மாலைக் கணக்கும் என்று மாறி மாறிக் குறித்தால், அணையில் இல்லாத படிக்கட்டுகள் கோட்டில் தோன்றும். நான் காலை 8 மணிக் கணக்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஆண்டுகளுக்கு மத்திய நீர் ஆணையத்தின் வாராந்திர அறிக்கைகள் உதவின. அவற்றை அப்படியே நம் கணக்கோடு சேர்க்க முடியாது. அங்கே நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து மீட்டரில் இருக்கும். மேட்டூரின் முழு நீர்மட்டம் 240.79 மீட்டர், அதாவது 790 அடி. நாம் 120 என்று சொல்வதை அவர்கள் 790 என்று சொல்கிறார்கள். 670 அடியைக் கழித்தால் நம் கணக்கு வந்துவிடும். கொள்ளளவு நூறு கோடி கன மீட்டர் அலகில் 2.647 என்று இருக்கும், அதை 35.31ஆல் பெருக்கினால் 93.47 கிடைக்கும். இரண்டு மூலங்களும் சந்திக்கும் ஓரிரு தேதிகளில் எண்கள் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்த்த பிறகே கோட்டை இணைத்தேன். வாரத்துக்கு ஒரு புள்ளியால் வரும் கோடு, நாளுக்கு ஒரு புள்ளியால் வரும் கோட்டைவிட இயல்பாகவே வழவழப்பாக இருக்கும். இரண்டையும் ஒரே தாளில் பார்ப்பவர், அந்த ஆண்டு அணை அமைதியாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதனால் வாரக்கணக்குக் கோடுகளில் ஒவ்வொரு புள்ளியையும் சிறு வட்டமாகத் தெரியும்படி விட்டிருக்கிறேன்.

கணினியில் பதியும்போது பெரும் தொல்லை தேதிதான். கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 12/06 என்று தட்டியது டிசம்பர் 6 ஆகிவிடும். 13/06 என்று தட்டியது, பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால், தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில கட்டங்கள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்பதைக் கண்டால் இதுதான் காரணம். 2024-06-12 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தட்டினால் எந்த அமைப்பிலும் குழப்பம் வராது. தேதி எழுத்தாக நின்றுவிட்டால் வேறொரு தீங்கும் உண்டு: சாதாரணக் கோட்டு வரைபட வகை அவற்றை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு, இடையில் ஒரு நாள் இருந்தாலும் ஒரு வாரம் இருந்தாலும் ஒரே இடைவெளியில் வைத்துவிடும். சாய்வு முழுவதும் பொய்யாகிவிடும். அதனால் நான் கோட்டு வரைபட வகையை விட்டுவிட்டு, இரண்டு அச்சிலும் எண்களை எடுத்துக்கொள்ளும் சிதறல் வரைபட வகையைத் தேர்ந்தெடுத்து, புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கச் சொன்னேன். ஆண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று வைக்க, ஒவ்வொரு தேதியிலிருந்தும் அந்தப் பருவத்தின் ஜூன் 1ஐக் கழித்துக் கிடைக்கும் நாள் எண்ணைக் கிடை அச்சில் வைத்தால் போதும். லீப் ஆண்டில் மார்ச் 1 முதல் ஒரு நாள் தள்ளி விழும், 2 மி.மீ. வேறுபாட்டை நான் பொருட்படுத்தவில்லை.

பொங்கல், தீபாவளி போன்ற விடுமுறைகளால் நாளிதழ் வராத நாட்களில் எண் இராது. கால்க் செயலியில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: இடைவெளி விடலாம், சுழியம் என்று கொள்ளலாம், கோட்டைத் தொடரலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் தீபாவளியன்று அணை ஒரே நாளில் வற்றி மறுநாள் நிரம்பிவிடும். தாளில் நான் விடுபட்ட நாட்களைப் புள்ளிக் கோட்டால் இணைத்தேன். முழுக்கோடு என்றால் அளந்தது, புள்ளிக் கோடு என்றால் ஊகித்தது. கணினியில் இடைவெளி விடும் வழியே நேர்மையானது.

அதே செயலியில் கோட்டை வழவழப்பாக்கும் வசதியும் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும் என்று பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2024 ஜூலைத் தரவில் அதைப் போட்டுப் பார்த்தேன். செங்குத்தாக ஏறிவந்த கோடு 93.47ஐத் தொட்டதும் நிற்காமல், வந்த வேகத்தில் அதற்கு மேலே ஒரு சிறு கூம்பாக எழுந்து, பிறகு தணிந்து வந்து சேர்ந்தது. எல்லாப் புள்ளிகளின் வழியாகவும் வளைகோடு போக வேண்டும் என்று கேட்டால், திடீரென்று திசை மாறும் இடங்களில் இப்படி மிஞ்சிப் போவது அந்தக் கணித முறையின் இயல்பு. ஆனால் அணை அன்று கொள்ளளவைத் தாண்டவில்லை. மிஞ்சிய நீர் 16 கண் மதகு வழியாக உபரியாக வெளியேறியது. அதிலேயே இன்னொரு வகை வளைகோடு உண்டு. அது மிஞ்சாது, ஆனால் புள்ளிகளைத் தொடாமல் பக்கத்தில் ஒதுங்கிப் போகும். இரண்டும் வேண்டாம் என்று, புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோட்டையே வைத்துக்கொண்டேன்.

கோட்டைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி, நாளிதழின் நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்படி செய்வது. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து 11,574ஆல் வகுத்தால், அன்றைய நீர் இருப்பு எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்பது வந்துவிடும். வரத்து 3,000, வெளியேற்றம் 15,000 என்று வைத்துக்கொண்டால் குறைவு 12,000, இருப்பில் 1.04 டி.எம்.சி. இறங்க வேண்டும். கோட்டில் அரை டி.எம்.சி.தான் இறங்கியிருக்கிறது என்றால், எங்கோ ஓர் எண் தவறாக அச்சாகியிருக்கிறது, அல்லது நாளின் நடுவில் மதகை மாற்றியிருக்கிறார்கள். சிறிய வேறுபாடுகளுக்குப் பதற வேண்டியதில்லை. நிரம்பிய அணையின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு நாளில் 5 மி.மீ. ஆவியானால்கூட அது வினாடிக்கு 300 கன அடிக்கு மேற்பட்ட நீர் வெளியேறுவதற்குச் சமம்.

வரத்தையும் வெளியேற்றத்தையும் அதே கிடை அச்சில், கீழே தனிப் பட்டையாக வரைந்தேன். இங்கே அச்சே வேறு மாதிரி வேண்டியிருந்தது. கோடையில் வரத்து சில நூறு கன அடி. 2022 ஆகஸ்டில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. சாதாரண அச்சில் இரண்டு லட்சத்துக்கு இடம் ஒதுக்கினால், ஆண்டின் பெரும்பகுதி அடிக்கோட்டோடு ஒட்டிப் போய்விடும். எனவே 100, 1,000, 10,000, 1,00,000 ஆகியவை சம இடைவெளியில் அமையும் மடக்கை அச்சைப் பயன்படுத்தினேன். அந்த அச்சில் சுழியத்துக்கு இடமில்லை என்பதும், சம உயரம் என்றால் சம மடங்கு என்பதும் பழகாதவர்களுக்குக் குழப்பம் தரும்; அந்தப் பட்டையைப் படிப்பவர்கள் இங்கே குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியேற்றத்தைப் படிக்கட்டுக் கோடாக வரைந்தேன். மதகை ஒரு நேரத்தில் மாற்றுகிறார்கள். அடுத்த மாற்றம் வரை அது அப்படியே இருக்கிறது. 8,000இலிருந்து 12,000க்குச் சாய்கோடு போட்டால், நாள் முழுவதும் சிறுகச் சிறுகத் திறந்ததாகப் பொருள்படும்.

கோடுகள் கூடக்கூட எது எந்த ஆண்டு என்பது சிக்கலாகும். நான் நான்கு ஆண்டுகளோடு நிறுத்திக்கொண்டேன்: 2018-19, 2023-24, 2024-25, நடப்பு ஆண்டு. முதல் மூன்றும் பென்சிலில் சாம்பல் நிறமாக, முறையே நீள்வெட்டு, குறுவெட்டு, புள்ளிவெட்டுக் கோடுகள். நடப்பு ஆண்டு மட்டும் தடித்த கருப்பு மை. நிறங்களை நம்பாததற்குக் காரணம் ஜெராக்ஸ். சிவப்பும் நீலமும் நகலில் ஒரே கருமையாக வரும்; வரைபடத் தாளின் வெளிர்க் கட்டங்கள் பெரும்பாலும் நகலில் வராமலே போய்விடும். அதனால் அச்சுக் குறிகளை எல்லாம் மையால் அழுத்திப் போட்டேன். ஆண்டின் பெயரை ஓரத்துப் பெட்டியில் எழுதாமல், கோடுகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும் இடத்தில் கோட்டின் மேலேயே எழுதினேன்.

அந்த மூன்று ஆண்டுகளைத் தேர்ந்ததும் சும்மா இல்லை. 2018இல் ஜூலை 19இல் அணை திறக்கப்பட்டு, 23ஆம் தேதி நிரம்பியது. ஆகஸ்ட் 22ஆம் தேதிக்கு நேரே ‘முக்கொம்பு மேலணை, கொள்ளிடம் மதகுகள் உடைந்தன’ என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். அன்று அணையின் இருப்புக் கோட்டில் எந்தச் சலனமும் இல்லை. நிரம்பிய அணையின் கோடு மேல்விளிம்போடு படுத்துக் கிடக்கிறது. கீழே உள்ள வெளியேற்றப் பட்டையில்தான் அந்த மாதத்தின் கொந்தளிப்பு தெரியும். 2023இல் 103 அடியோடு ஜூன் 12இல் உரிய தேதியில் திறந்தார்கள். தென்மேற்குப் பருவமழை பொய்த்துவிட, கோடு நிற்காமல் இறங்கி, அக்டோபர் 10ஆம் தேதி பாசனத்துக்கு நீர் நிறுத்தப்பட்டபோது நீர்மட்டம் 30 அடியை ஒட்டி இருந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கப் பொருத்தமான கோடு அதுதான். ஆகஸ்டு நடுவிலேயே அந்தச் சாய்வைப் பென்சிலால் நீட்டிப் பார்த்திருந்தால், சம்பாவுக்குத் தண்ணீர் எட்டாது என்பது தாளிலேயே தெரிந்திருக்கும். நீட்டிப் பார்ப்பது, இடையில் மழை வராது என்ற அனுமானத்தோடுதான் என்பதையும் மறக்கக் கூடாது; 2024 ஜூலை மத்தியில் யாராவது கோட்டை நீட்டியிருந்தால், இரண்டு வாரத்தில் அணை நிரம்பும் என்று எந்தப் பென்சிலும் சொல்லியிருக்காது.

காலத்தை இப்படிக் கிடைக்கோட்டில் வைத்து நாட்டின் வரவுசெலவுகளை வரைந்து அச்சிட்டவர்களில் முன்னோடி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர், ஆண்டு 1786. இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிகளை எல்லாம் கோடுகளாக வரைந்த அவர், ஸ்காட்லாந்துக்கு மட்டும் பட்டை வரைபடம் போட்டார். அந்நாட்டுக்கு ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் அவர் கையில் இருந்தது. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு போட முடியாதே.

சுவரில் இப்போது நடப்பு ஆண்டுக் கோட்டை வாரம் ஒருமுறை ஏழு புள்ளிகளாகச் சேர்த்து நீட்டுகிறேன். நாளுக்கு ஒன்றாகச் சேர்த்தால் மைப்பேனா தேதிக்குத் தேதி அழுத்தம் மாறி, கோடு திட்டுத் திட்டாகத் தெரிகிறது. அடுத்த வேலையாக, கொங்குப் பகுதி உறவினர்கள் கேட்டதால், பவானிசாகருக்கு ஒரு தாள் தொடங்கியிருக்கிறேன். 105 அடி, 32.8 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அந்த அணைக்கு அதே 2 மி.மீ. அளவுத்திட்டத்தில் வரைபடத்தின் உயரம் 6.6 செ.மீ.தான் வருகிறது. பெரிதாக்கி வரையலாமே என்று கேட்கிறார்கள். பெரிதாக்கினால் இரண்டு தாளுக்கும் ஒரே மூலைமட்டம் பொருந்தாது என்பதால், அப்படியே குள்ளமாக விட்டிருக்கிறேன்.